இராயப்பரின் வாள்

பேதுருவை நம் முன்னோர் இராயப்பர் என்றே அழைத்தனர். அவர் பெயரால் எழுந்தது ஆலயம். ஆலயத்தின் பெயரால் அமைந்தது இராயபுரம். ஊரின் பெயரை நாள்தோறும் சொல்லிச் சொல்லி, அதற்குள் ஒரு மீனவர் நிற்கிறார் என்பதை நாம் ஏறக்குறைய மறந்துவிட்டோம். சுரூபங்களில் அவரைத் திறவுகோல்களோடு காண்கிறோம். ஆனால் நற்செய்தி அவரை ஒருமுறை வாளோடும் காட்டுகிறது. கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவித் தலைமைக் குருவின் பணியாளனை வெட்டியவர் யார் என்று மற்ற மூன்று நற்செய்தியாளரும் சொல்லாமல் விட, யோவான் மட்டும் பேதுரு என்று பெயரிட்டுச் சொல்கிறார். காது அறுபட்டவனின் பெயரையும், மால்கு என்று, அவரே தருகிறார்.

பேதுரு வெட்டியது சரியா தவறா என்று மறையுரைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். வலை இழுத்த அந்தக் கைக்கு வாள் எங்கிருந்து வந்தது என்று எவரும் கேட்டு நாம் அறியோம். இராவுணவு வேளையிலேயே சீடரிடம் இரண்டு வாள்கள் இருந்தன என்கிறார் லூக்கா. யார் வாங்கினார், யார் விற்றார், யாரை எண்ணி வாங்கினார் என்பதற்குப் பதில் இல்லை. ஆயுதங்களின் வரலாறு பெரும்பாலும் இப்படியே எழுதப்படுகிறது. உருவிய கை நினைவில் நிற்கிறது. கொடுத்த கை மறைந்துபோகிறது. இக்கட்டுரையில் நாம் ஆராய விரும்புவது அந்த இரண்டாவது கையைத்தான். காரணம், இராயப்பரின் ஆலயத்திலிருந்து கூப்பிடு தொலைவில் இருக்கும் துறைமுகத்திலேயே அத்தகைய கைகள் சில ஒருகாலத்தில் இயங்கியிருக்கின்றன.

முதலில் எதிர்த்தரப்பின் வாதத்தை அதற்குரிய மதிப்போடு கேட்டுவிடுவோம். ஆயுதம் ஏந்துவது மனிதனின் உரிமை, அதைப் பறிக்கும் அரசு நாளை மற்ற உரிமைகளையும் பறிக்கும் என்போர் உலகெங்கும் உளர். இதை வெறும் வெறியர் கூச்சல் என்று தள்ளிவிட இயலாது. விவிலியமே இதற்கு ஒரு சான்று தருகிறது. சாமுவேல் முதல் நூலின் பதின்மூன்றாம் அதிகாரத்தில், இஸ்ரயேல் நாடெங்கும் ஒரு கொல்லன்கூட இல்லாதபடி பெலிஸ்தியர் பார்த்துக்கொண்டனர் என்று படிக்கிறோம். கலப்பைக் கொழுவைத் தீட்டவும் கோடரியைக் கூராக்கவும் மக்கள் பெலிஸ்தியரிடமே சென்று கூலி கொடுக்க வேண்டியிருந்தது. போர் வந்த நாளில் சவுலையும் யோனத்தானையும் தவிர எவர் கையிலும் வாளில்லை. அடிமைத்தனத்தை இதைவிடச் சுருக்கமாக வருணிக்க முடியுமா என்பது ஐயமே.

நம் நாட்டிலும் அதுவே நடந்தது. 1878-இல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியருக்கு உரிமம் வேண்டும் என்றது, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. 1918-இல் படைக்கு ஆள் திரட்டிய காந்தியடிகள், ஒரு நாடு முழுவதையும் ஆயுதமற்றதாக்கிய அச்சட்டத்தை ஆங்கில ஆட்சியின் தீமைகளுள் மிகக் கொடியது என்ற பொருளில் கண்டித்தார். துப்பாக்கி உரிமை பேசுவோர் இக்கூற்றை இன்றும் மேற்கோள் காட்டுகின்றனர். அது படைக்கு ஆள்சேர்க்கும் துண்டறிக்கையில் எழுதப்பட்டது என்பதை மட்டும் விட்டுவிடுகின்றனர். 1931-இல் கராச்சியில் கூடிய காங்கிரஸ் மாநாடு அடிப்படை உரிமைகள் பற்றி இயற்றிய தீர்மானத்தில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையும் ஒன்றாக இடம்பெற்றது.

ஆயினும் விடுதலை பெற்ற நாடு அந்த உரிமையை அரசியலமைப்பில் எழுதவில்லை. 1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் எச்.வி. காமத் அதைச் சேர்க்கக் கோரித் திருத்தம் கொண்டுவந்தார். எதிர்த்தவர் அம்பேத்கர். கராச்சித் தீர்மானம் அந்நியன் நம்மிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த காலத்துக்கு உரியது. ஒவ்வொருவரும் சந்தைக்குச் சென்று தாக்கும் கருவிகளைத் தடையின்றி வாங்கலாம் என்றால் அரசு எப்படி நடக்கும் என்பது அவர் வாதத்தின் சாரம். திருத்தம் தோற்றது. ஒடுக்கப்பட்டவர்களின் துயரத்தை அவரளவுக்கு அறிந்தவர் அச்சபையில் வேறெவரும் இல்லை. நாடெங்கும் ஆயுதம் பரவினால் அது யார் வீட்டில் முதலில் குவியும், சேரியிலா பண்ணையார் மாளிகையிலா என்பது அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே நாம் கருதுகிறோம்.

துப்பாக்கியின் கவர்ச்சி வேறு, துப்பாக்கி வேறு என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். ஐம்பதுகளின் நடுவிலிருந்து நம் திருவொற்றியூர் ஆலையில் உருவான மோட்டார் சைக்கிளுக்கு ‘புல்லட்’ என்று பெயர். அந்நிறுவனத்தின் ஆங்கிலேய மூதாதை ஒருகாலத்தில் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலைக்கு உதிரிப்பாகங்கள் செய்து கொடுத்தது. பீரங்கியே அதன் சின்னமாயிற்று. அந்த வண்டியில் மனைவி மக்களை ஏற்றிக்கொண்டு ஞாயிறு பூசைக்கு வந்த தொழிலாளர் எத்தனை பேர்! பெயரால் எவரும் சாவதில்லை.

துறைமுகத்துக்கு வருவோம்.

1983 ஜூலையில் இலங்கையில் நடந்தவை இன்னும் பலர் நெஞ்சில் ஆறாதவை. கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. வெலிக்கடைச் சிறையில் ஜூலை 25, 27 ஆகிய இரு நாட்களில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அரசின் காவலில், பூட்டிய கதவுகளுக்குள், வெறுங்கையோடு இருந்தவர்கள் அவர்கள். சாமுவேல் நூலின் அந்தப் பக்கம் உயிர் பெற்று எழுந்ததுபோல் இருந்தது. தமிழ்நாடு கொதித்தது, கடைகள் அடைக்கப்பட்டன, இரயில்கள் நின்றன. தில்லி இருவழிகளில் செயல்பட்டது. வெளிப்படையாக ஜி. பார்த்தசாரதியைக் கொழும்புக்கு அனுப்பிச் சமரசம் பேசியது. மறைவாக, ‘ரா’ உளவு நிறுவனத்தின் வழியே தமிழ் இளைஞர்களுக்கு ஆயுதப் பயிற்சி தந்தது. தேராதூனுக்கு அருகிலுள்ள சக்ராத்தா மலைப்பகுதியில் அப்பயிற்சி தொடங்கியது. தமிழ்நாட்டிலும் முகாம்கள் எழுந்தன. இதை நாடாளுமன்றம் விவாதித்து முடிவு செய்யவில்லை. எந்த அரசிதழிலும் அது அச்சாகவில்லை.

அதே 1983-இல்தான் சென்னைத் துறைமுகத்தில் நாட்டின் முதல் தனிக் கண்டெய்னர் முனையம் இயங்கத் தொடங்கியது. இரும்புப் பெட்டியின் காலம் பிறந்தது. மூட்டையைச் சுமக்கும் தொழிலாளிக்கு அதில் என்ன இருக்கிறது என்பது முதுகிலேயே தெரியும். நெல்லா, சிமெண்டா, மிளகாயா என்று மூக்கும் சொல்லிவிடும். கண்டெய்னருக்கு வாசனை இல்லை. அதன்மேல் ஒட்டிய தாள் சொல்வதே உண்மை. எண்பதுகளின் நடுவில் உமா மகேஸ்வரனின் ‘புளொட்’ இயக்கம் வெளிநாட்டில் வாங்கிய ஆயுதங்கள் இத்துறைமுகத்துக்கு வந்துசேர்ந்தபோது சுங்கத்துறை அவற்றைக் கைப்பற்றியது. அவை திரும்பக் கிடைக்கவில்லை. ஆனால் விடுதலைப் புலிகளுக்கு வந்த ஆயுதப் பெட்டகம் தடையின்றி வெளியேற, அன்றைய முதலமைச்சர் எம்.ஜி.ஆரே உதவினார் என்று அவ்வியக்கத்தின் அரசியல் ஆலோசகர் அன்டன் பாலசிங்கம் 2004-இல் வெளியிட்ட தம் நூலில் எழுதியிருக்கிறார். எம்.ஜி.ஆர். கோடிக்கணக்கில் பணம் தந்ததையும் அவர் நன்றியோடு குறிப்பிடுகிறார்.

ஒரே துறைமுகம், ஒரே சட்டம், ஒரே வகையான சரக்கு. ஒன்று பிடிபட்டது, மற்றொன்று கடந்து சென்றது. வேறுபாடு சரக்கில் இல்லை, சட்டத்திலும் இல்லை. யாருக்கு யாரைப் பிடித்திருந்தது என்பதில்தான் இருந்தது.

எம்.ஜி.ஆரின் உள்ளத்தை நாம் குறைத்து மதிப்பிட விரும்பவில்லை. துப்பாக்கி என்றால் என்ன என்பதை அவர் மற்ற அரசியல்வாதிகளைவிட நன்கறிந்தவர். 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் இல்லத்தில் எம்.ஆர். இராதா சுட்ட குண்டு அவர் கழுத்தில் பாய்ந்தது; அவருடைய குரல் அதன்பின் பழைய குரலாக இல்லை. கழுத்தில் கட்டுடன் அவர் இருந்த படம் அத்தேர்தலில் தமிழ்நாடெங்கும் ஒட்டப்பட்டது. குண்டின் சுவையறிந்த மனிதர், வெறுங்கையராய் நின்ற ஒரு மக்களுக்குத் துப்பாக்கி கிடைக்கட்டும் என்று எண்ணினார். இரக்கமே அவரை இயக்கியது என்று கொள்வோம். இரக்கம் நோக்கத்தை விளக்கும். கொடுத்த பொருள் போய்ச்சேரும் இடத்தை அது தீர்மானிக்காது.

அவை எங்கே சென்றன? 1986 ஏப்ரல் இறுதியிலும் மே தொடக்கத்திலும் புலிகள் ‘டெலோ’ இயக்கத்தை அழித்தனர். அதன் தலைவர் ஸ்ரீ சபாரத்தினமும் எண்ணற்ற இளைஞர்களும் கொல்லப்பட்டனர். கொன்றவரும் கொல்லப்பட்டவரும் இந்தியாவிடம் பயிற்சி பெற்ற இயக்கங்களைச் சேர்ந்தவர்களே. அதே ஆண்டு நவம்பர் 1, தீபாவளி நாள். பட்டாசுச் சத்தத்தினூடே சென்னைச் சூளைமேட்டில் துப்பாக்கிச் சத்தமும் கேட்டது. போராளிகளுக்கும் அப்பகுதி மக்களுக்கும் எழுந்த சச்சரவில் நம்மூர் இளைஞர் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். வேறு சிலர் காயமுற்றனர். அதன்பிறகு சில நாட்களில் காவல்துறை மாநிலமெங்கும் முகாம்களைச் சோதனையிட்டு ஆயுதங்களைக் கைப்பற்றியது. தம் தொலைத்தொடர்புக் கருவிகளைத் திருப்பித் தரக் கோரிப் பிரபாகரன் உண்ணாநோன்பு இருந்தார். கருவிகள் திருப்பித் தரப்பட்டன.

1987 ஜூலை 29 அன்று இந்திய-இலங்கை ஒப்பந்தம் கையெழுத்தானது. எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் ஆயுதங்களை ஒப்படைக்க வேண்டும் என்றது ஒப்பந்தம். ஆகஸ்டு 5 அன்று பலாலியில் ஓர் அடையாள ஒப்படைப்பு நடந்தது. அக்டோபரில் போர் மூண்டது. 1990 மார்ச்சில் அமைதிப்படை திரும்பி வந்தபோது 1,100-க்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் உயிரிழந்திருந்தனர். அப்படை திரும்பிய கப்பல்களும் இதே சென்னைத் துறைமுகத்தில்தான் கரை சேர்ந்தன. அப்போரில் ஈழத்துத் தமிழ்க் குடிமக்கள் பட்ட துன்பம் தனியே எழுதத்தக்கது. 1990 ஜூன் 19 அன்று கோடம்பாக்கத்தில் ஈ.பி.ஆர்.எல்.எஃப். தலைவர் பத்மநாபாவும் பத்துக்கும் மேற்பட்டோரும் தானியங்கித் துப்பாக்கிகளுக்கும் கையெறி குண்டுகளுக்கும் இரையாயினர். அடுத்த ஆண்டு மே 21, திருப்பெரும்புதூர்.

இதை இந்தியாவின் தனிப் பேதைமை என்று கொள்வதும் தவறாகும். இலங்கைக் குடியரசுத் தலைவர் பிரேமதாசா 1989-இல் செய்தது இதைவிட வியப்பானது. இந்தியப் படையை வெளியேற்றும் நோக்கத்தில், தம் சொந்த இராணுவத்தின் பகைவரான புலிகளுக்குத் தம் அரசின் கிடங்கிலிருந்தே ஆயுதங்கள் வழங்கச் செய்தார். 1990 ஜூன் 11 அன்று கிழக்கு மாகாணக் காவல் நிலையங்கள் சூழப்பட்டன. கொழும்பின் உத்தரவை ஏற்றுச் சரணடைந்த காவலர்களுள் அறுநூறு பேர் அளவில் கொல்லப்பட்டனர். 1993 மே தின ஊர்வலத்தில் பிரேமதாசாவும் கொல்லப்பட்டார். அவர் கொடுத்த ஆயுதங்கள் பின்னர் விசாரணைக்குரிய பெரும் ஊழலாகப் பேசப்பட்டன. கொடுத்தபோது அது அரசதந்திரம் எனப் பெயர்பெற்றிருந்தது.

அமெரிக்காவில் நடந்ததைப் பார்க்கும்போது நம் கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. அங்கே ஆயுதம் ஏந்தும் உரிமை 1791 முதல் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தமாக நிற்கிறது. அதைக் காப்பதற்கென்றே, 1871-இல் தொடங்கிய தேசியத் துப்பாக்கிச் சங்கம் தேர்தல்தோறும் பணத்தையும் வாக்குகளையும் திரட்டுகிறது. 2009-இல் மதுபானம், புகையிலை, துப்பாக்கி ஆகியவற்றைக் கண்காணிக்கும் மத்திய அரசின் துறை அரிசோனா மாநிலத்தில் ஒரு திட்டம் வகுத்தது. மெக்சிகோவின் போதைப்பொருள் கும்பல்களுக்காகப் பினாமிகள் கடைகளில் துப்பாக்கி வாங்குகின்றனர்; அவர்களைப் பிடித்தால் சிறுமீன்தான் கிடைக்கும்; துப்பாக்கிகளைப் போகவிட்டுப் பின்தொடர்ந்தால் திமிங்கிலம் அகப்படும் என்பது கணக்கு. ஐயம் தெரிவித்த கடைக்காரர்களிடமும் விற்கச் சொன்னார்கள். ஏறத்தாழ இரண்டாயிரம் துப்பாக்கிகள் கண்ணெதிரே கடந்து சென்றன. மெக்சிகோ அரசுக்குச் சொல்லவில்லை. 2010 டிசம்பரில் பிரையன் டெர்ரி என்ற எல்லைக் காவலர் சுட்டுக் கொல்லப்பட்ட இடத்தில் அவற்றுள் இரண்டு கிடந்தன. அவரைக் கொன்ற குண்டு அந்த இரண்டிலிருந்துதான் வந்தது என்று நிறுவ முடியவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்று நின்று எண்ண வேண்டும். குண்டு எதிலிருந்து வந்தது என்று நிறுவ முடியாததால் பொறுப்பு குறைந்துவிட்டதா? அத்துறையின் அதிகாரிகளே அப்படி நினைக்கவில்லை. பலர் பதவி இழந்தனர். ஆவணங்களைத் தர மறுத்ததற்காக அட்டர்னி ஜெனரல் எரிக் ஹோல்டரை 2012 ஜூன் 28 அன்று மக்களவை அவமதிப்புக் குற்றத்துக்கு உள்ளாக்கியது. அந்த வாக்கெடுப்பில் யார் எப்பக்கம் நின்றார் என்பதைக் கணக்கில் எழுதிவைப்போம் என்று துப்பாக்கிச் சங்கம் உறுப்பினர்களை எச்சரித்திருந்தது. துப்பாக்கிச் சட்டத்தைக் கடுமையாக்க ஒரு சாக்கு வேண்டும் என்பதற்காகவே அரசு இப்படிச் செய்தது என்றுகூட அச்சங்கத்தின் தலைவர்கள் பேசினர்.

அவர்களின் சினத்தில் பாதி நியாயம் உண்டு. மறுபாதியை அவர்கள் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அந்த இரண்டாயிரமும் வானத்திலிருந்து விழவில்லை. சாதாரணக் கடைகளில், படிவம் நிரப்பி, பணம் எண்ணி வைத்து வாங்கப்பட்டவை. ஒருவன் ஒரே நாளில் இருபது துப்பாக்கி வாங்கினாலும் ஏன் என்று கேட்பது கடினமாயிருக்கும்படி சட்டத்தைத் தளர்த்தியதில் அச்சங்கத்தின் பங்கு சிறிதன்று. பிறருக்காகப் பினாமியாய் வாங்குவதையும் துப்பாக்கிக் கடத்தலையும் தனிக் குற்றங்களாக்கும் மத்தியச் சட்டம் அந்நாட்டில் 2022 ஜூனில்தான் வந்தது. உற்பத்தியாளருக்கோ 2005-இலேயே கவசம் கிடைத்துவிட்டது: விற்ற துப்பாக்கியைப் பிறர் குற்றத்துக்குப் பயன்படுத்தினால் விற்றவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்றது ஒரு சட்டம். அச்சட்டத்தைக் காட்டியே, மெக்சிகோ அரசு தொடுத்த வழக்கை 2025 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தள்ளியது.

ஆக, போகவிட்ட அரசும் பொறுப்பேற்கத் தயங்கியது. விற்ற வணிகனும் ஏற்கவில்லை. இருவரும் ஒரே நியாயத்தையே பேசுகின்றனர்: விசையை இழுத்தவன் வேறொருவன்.

இந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும்? பிளேட்டோ ‘குடியரசு’ நூலின் தொடக்கத்திலேயே இதைத் தொடுகிறார். தெளிந்த அறிவோடு இருந்தபோது ஒரு நண்பன் தன் ஆயுதத்தை நம்மிடம் கொடுத்து வைக்கிறான். சித்தம் கலங்கியபின் வந்து திருப்பிக் கேட்கிறான். கொடுப்பது நீதியா? பொருள் அவனுடையது, கடன் நம்முடையது. ஆயினும் கொடுக்கலாகாது என்பதை எவரும் ஒப்புக்கொள்வர். வாங்கும் உரிமை ஒருவனுக்கு இருப்பதாலேயே கொடுப்பவனின் பொறுப்பு முடிந்துவிடுவதில்லை என்பதே இதிலிருந்து கிடைக்கும் சிறு வெளிச்சம்.

நம் திருச்சபையின் அறநெறி இயலார் இதை மேலும் நுணுகி ஆய்ந்துள்ளனர். பிறர் தீமையில் ஒத்துழைப்பது பற்றிய அவர்கள் ஆய்வில் அடிக்கடி வரும் பாத்திரம் ஒரு வேலைக்காரன். எசமான் தீய எண்ணத்தோடு ஒரு வீட்டின் சன்னல் வழியே ஏறுகிறான். வேலைக்காரன் தோள் கொடுக்கிறான், ஏணி பிடிக்கிறான். மறுத்தால் வேலை போய்விடும், அடி விழும். அச்சத்தால் செய்தால் பெரும் பாவமாகாது என்று சிலர் தளர்ந்து கற்பித்தனர். 1679-இல் திருத்தந்தை பதினோராம் இன்னொசென்ட் அக்கூற்றைக் கண்டித்தார். பிற்காலத்தில் புனித அல்போன்சு லிகோரி போன்றோர், தீய நோக்கத்தில் பங்குகொள்வது வேறு, நோக்கத்தை ஏற்காமல் செயலுக்கு மட்டும் உதவுவது வேறு என்று பிரித்து, இரண்டாவதிலும் உதவி எவ்வளவு நெருக்கமானது, காரணம் எவ்வளவு பாரமானது என்று எடைபோட்டனர்.

இந்தத் தராசில் 1983-ஐ வைத்துப் பார்ப்போம். அக்வினாஸ் தோமா தற்காப்புக்காகத் தேவையான அளவு வலிமையைப் பயன்படுத்துவதை ஏற்கிறார். வெலிக்கடைக்குப் பின் ஈழத்து இளைஞன் ஒருவன் தன் தாயையும் தங்கையையும் காக்கத் துப்பாக்கி தேடினான் என்றால் அவனைக் கண்டிக்க நமக்கு வாய் வராது. அப்படியானால் கொடுத்தவர்களையும் கண்டிக்க முடியாதே என்று நண்பர் ஒருவர் எம்மோடு வாதிட்டார். கொடுக்காமல் இருந்திருந்தால் அம்மக்கள் வெறுங்கையோடு மடிந்திருப்பார்களே, அந்தக் கணக்கை யார் எழுதுவது என்று கேட்டார். எளிதாகத் தள்ளத்தக்க வாதமன்று அது. செய்த செயலின் விளைவுகளை வரலாறு எண்ணிக் காட்டும்; செய்யாது விட்டதன் விளைவுகளை எண்ணிக் காட்ட எவராலும் இயலாது.

ஆயினும் நாம் அவரோடு முழுமையாக உடன்பட முடியாமைக்குக் காரணம் இது. தாயைக் காக்கத் துப்பாக்கி கேட்டவனிடம் அது சென்றதா என்று பார்க்கக் கொடுத்தவர்கள் விரும்பவில்லை. அவர்கள் கொடுத்தது மக்களுக்கன்று, இயக்கங்களுக்கு. அதுவும் ஒன்றல்ல, ஐந்து இயக்கங்களுக்கு. ஒன்று மிஞ்சினால் மற்றொன்று தடுக்கும், எதுவும் தில்லியின் பிடியை விட்டுப் போகாது என்பது அக்கொடையின் உள்கணக்கு. இளைஞர்கள் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டது அக்கணக்கில் விழுந்த பிழையன்று. அதற்கான இடம் முதலிலேயே விடப்பட்டிருந்தது. ஏணி பிடித்த வேலைக்காரனுக்காவது எசமானின் அச்சம் இருந்தது. இங்கே அச்சுறுத்தியவர் எவரும் இல்லை. காரணத்தின் நேர்மையைச் சொல்லிக் கருவியின் கணக்கை மறைத்துவிட்டனர். பேரளவில் கொடுத்தவன், பேரேடு வைக்காதவன், பின்பு எனக்குத் தெரியாது என்று சொல்லும் தகுதியை இழக்கிறான் என்றே நமக்குத் தோன்றுகிறது. தெரிந்துகொள்ளாமல் இருப்பதற்கென்றே அவன் ஏற்பாடு செய்துகொண்டான்.

துப்பாக்கி உரிமை பேசும் குரல் இப்போது நம் நாட்டிலும் கேட்கிறது. 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலுக்குப் பின் அது வலுத்தது. அமெரிக்கச் சங்கத்தின் சாயலில் இங்கும் ஓர் அமைப்பு உண்டு. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஒருவர் மூன்று துப்பாக்கிகள் வரை வைத்திருக்கலாம் என்றிருந்ததை, ஒன்றாகக் குறைக்க 2019-இல் மத்திய அரசு எண்ணியது. பாரம்பரியத் துப்பாக்கி வைத்திருக்கும் குடும்பங்களும் வேறு பலரும் முறையிட்டனர். சட்டம் நிறைவேறியபோது ஒன்று என்பது இரண்டாகியிருந்தது. மறுபுறம், சம்மு காசுமீரில் 2012 முதல் 2016 வரை ஏறத்தாழ 2.78 லட்சம் துப்பாக்கி உரிமங்கள் முறைகேடாக வழங்கப்பட்டன என்று மத்தியப் புலனாய்வுத் துறை குற்றம் சாட்டியது. படைவீரர் பெயரைச் சொல்லி, பணம் வாங்கிக்கொண்டு, மாவட்ட ஆட்சியர் அலுவலகங்களிலேயே கையொப்பமிடப்பட்டவை என்பது குற்றச்சாட்டு. ஆயுதத்துக்கு உரிமம் தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. கையொப்பமிடும் கைக்கு யார் உரிமம் தருவது என்பதே கேள்வி.

வடசென்னையில் வாழும் நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. நம் பகுதியில் பழிவாங்கும் கொலைகள் அரிவாளால் நடக்கின்றன. 2024 ஜூலை 5 அன்று பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் வெட்டிக் கொல்லப்பட்டதும் அவ்வாறே. அவரிடம் உரிமம் பெற்ற கைத்துப்பாக்கி இருந்தது. தேர்தலையொட்டி ஒப்படைத்திருந்ததை அவர் திரும்பப் பெற்றுவிட்டார் என்று காவல்துறை தெரிவித்தது. அது அவரைக் காக்கவில்லை. இதிலிருந்து பெரிய முடிவு எதையும் நாம் எடுக்கவில்லை. வெட்டியவர்கள் கையிலும் துப்பாக்கி இருந்திருந்தால், அவருடன் அன்று மாலை தெருவில் நின்ற மற்றவர்களும் குழந்தைகளும் என்னாகியிருப்பார்கள் என்று மட்டும் எண்ணிப் பார்க்கிறோம்.

பெட்டகங்களின் கதையும் முடிந்துவிடவில்லை. 2015-இல் சுங்கத்துறை கைப்பற்றிய ஏறத்தாழ 700 டன் அம்மோனியம் நைட்ரேட் மணலியில் ஒரு கண்டெய்னர் கிடங்கில் ஐந்தாண்டுகள் கிடந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் துறைமுகம் வெடித்துச் சிதறிய செய்தி வந்த பிறகே நம்மவர் பதறிக் கணக்கெடுத்து அதை ஐதராபாத்துக்கு அனுப்பினர். சட்டப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. சரக்கு வழக்கில் இருந்தது. பொறுப்பு மட்டும் ஒருவரிடமும் இல்லாதிருந்தது.

2013 ஏப்ரல் 2 அன்று ஐக்கிய நாடுகள் பொதுச் சபை ஆயுத வணிக உடன்படிக்கையை ஏற்றது. 154 நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் விலகியவற்றுள் இந்தியாவும் இலங்கையும் இருந்தன. அரசுசாராத ஆயுதக் குழுக்களின் கையில் ஆயுதம் சேர்வதை இவ்வுடன்படிக்கை போதிய அளவு தடுக்கவில்லை என்பது இந்தியா கூறிய காரணங்களுள் ஒன்று. காரணம் சரியானதே. சக்ராத்தாவை அறிந்தவர்கள் அதைக் கேட்டு எப்படி உணர்ந்திருப்பார்களோ! 2019 ஏப்ரலில் துப்பாக்கிச் சங்கத்தின் மாநாட்டு மேடையிலேயே அமெரிக்கக் குடியரசுத் தலைவர் டிரம்ப் அவ்வுடன்படிக்கையிலிருந்து தம் நாட்டின் கையொப்பத்தை விலக்கிக்கொள்வதாக அறிவித்தார். அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன், 2015 செப்டம்பரில், திருத்தந்தை பிரான்சிஸ் அந்நாட்டு நாடாளுமன்றத்தில் நின்று, மக்களுக்குத் துன்பம் விளைவிக்கப்போகிறவர்களுக்கு ஏன் ஆயுதம் விற்கப்படுகிறது என்று வினவி, இரத்தம் தோய்ந்த பணத்துக்காகவே என்று தாமே விடையும் சொல்லியிருந்தார். உறுப்பினர்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

சூளைமேட்டு வழக்கில் குற்றம் சாட்டப்பட்டோருள் ஒருவர் டக்ளஸ் தேவானந்தா. 1994-இல் சென்னை நீதிமன்றம் அவரைத் தலைமறைவுக் குற்றவாளி என அறிவித்தது. 2010 ஜூனில் இலங்கை அமைச்சராக, குடியரசுத் தலைவர் இராசபக்சேயின் குழுவில் அவர் தில்லி வந்தார். இந்தியப் பிரதமருடன் கைகுலுக்கினார். சென்னையில் எதிர்ப்பு எழுந்தபோது, 1987 ஒப்பந்தத்தின் பொதுமன்னிப்பு தமக்கும் பொருந்தும் என்று அவர் விளக்கம் தந்தார். அவ்வொப்பந்தத்தில் ஆயுதங்களை ஒப்படைப்பது பற்றிய பிரிவும் பொதுமன்னிப்பு பற்றிய பிரிவும் அருகருகே உள்ளன. அதில் கையொப்பமிட்டவர்கள் இருவர்: இராஜீவ் காந்தி, ஜெயவர்த்தனா. சூளைமேட்டில் மகனை இழந்த குடும்பத்தை எவரும் கேட்கவில்லை.